கெர்ட்ரூட் பெர்க்

கெர்ட்ரூட் பெர்க் (அக்டோபர் 3, 1899 - செப்டம்பர் 14, 1966) ஓர் அமெரிக்க எழுத்தாளரும் நடிகையும் தயாரிப்பாளரும் ஆவார். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாழும் யூதக் குடும்பத்தையும் அக்கட்டிடத்து அண்டை வீட்டாரையும் பற்றிய த கோல்ட்பெர்க்ஸ் என்னும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை உருவாக்கியவர் இவரே. 1929 இல் வானொலியில் தோன்றிய அத்தொடர் 1949 இல் தொலைக்காட்சிக்கு வந்து 1956 வரை நீடித்தது. அதனை எழுதியதோடு, தலைமைப் பாத்திரமான மோலி கோல்ட்பெர்க்காகவும் இவரே நடித்தார். தொடரின் உரிமையும் இவரிடமே இருந்தது. ஒலிபரப்புத் துறையில் பெண்கள் பெரும்பாலும் பிறர் எழுதியதைப் பேசுபவர்களாகவே இருந்த காலத்தில் இது அரிதான நிலையாகும். சிறந்த நடிகைக்கான எம்மி விருதை முதன்முதலாகப் பெற்றவரும் இவரே.

எனினும் இவர் வரலாற்றில் இன்று மிகுதியாகப் பேசப்படுவது அவ்விருது அன்று. தொடரில் மோலியின் கணவனாக நடித்த பிலிப் லோப் என்பவர் பொதுவுடைமை ஆதரவாளர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, அவரை நீக்குமாறு வற்புறுத்தல் வந்தபோது பெர்க் அதனை எதிர்த்து நின்றதும், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின் விட்டுக்கொடுக்க நேர்ந்ததுமே இன்று மிகுதியாக நினைவுகூரப்படுகின்றன.

2013 முதல் 2023 வரை ஏபிசி நிறுவனம் இதே பெயரில் ஒளிபரப்பிய மற்றொரு தொடருக்கும் பெர்க்கின் தொடருக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

பிறப்பும் இளமையும்

பெர்க்கின் இயற்பெயர் டில்லி எடெல்ஸ்டீன். இவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். பிற்காலத்தில் கறுப்பின மக்களின் பண்பாட்டு நடுவமாகப் புகழ்பெற்ற ஹார்லெம், இவர் பிறந்த காலத்தில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்த இடமாக இருந்தது. தந்தை ஜேக்கப், தாய் டயானா. இவர்களது குடும்பம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பமாகும். டில்லியின் மூத்த சகோதரர் சிறு வயதிலேயே தொண்டை அடைப்பான் நோயால் இறந்துபோனார். அத்துயரிலிருந்து தாய் முழுமையாக மீளவேயில்லை. மனநலம் குன்றிப் பின்னர் மருத்துவ இல்லம் ஒன்றில் தங்க வேண்டிய நிலைக்கு அவர் ஆளானார். வீடு நிறைந்த கலகலப்புக்கும், எவர் துயரையும் தீர்த்துவைக்கும் தாய்க்கும் பெயர்போன ஒரு கதைக்குடும்பத்தைப் படைத்தவரின் சொந்த வீடு இவ்வாறு இருந்தது என்பதை இவர் எழுத்தைப் படிப்போர் மனத்திற் கொள்ளுதல் நலம்.

தந்தை பல தொழில்களில் ஈடுபட்டவர். அவற்றுள் ஒன்று, நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பிளைஷ்மன்ஸ் என்னும் ஊரில் அவர் நடத்திய விடுதி. நகரத்து வெப்பத்துக்கு அஞ்சிக் கோடையில் மலைக்கு வரும் யூதக் குடும்பங்கள் அங்குத் தங்கின. மழை நாட்களில் வெளியே செல்ல இயலாது அடைந்து கிடந்த குழந்தைகளை மகிழ்விப்பதற்காக டில்லி சிறு நாடகங்களை எழுதி நடிக்கச் செய்தார். விருந்தினரின் நடையுடை பாவனைகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கமும் அங்கேதான் தொடங்கிற்று. இவர் முதலில் உருவாக்கிய பாத்திரம் மால்ட்கே தால்னிட்ஸ்கி என்னும் ஐம்பது வயதுப் பெண்மணி. எதற்கும் உதவாத கணவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த மால்ட்கேயே, தாயின் சாயலும் பாட்டியின் சாயலும் கலந்து கனிந்து, காலப்போக்கில் மோலியாக மாறினாள். கோல்ட்பெர்க் என்னும் குடும்பப் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயரான கோல்ட்ஸ்டீனையும் தம் கணவரின் பெயரான பெர்க்கையும் இணைத்து அமைத்ததாகும்.

1918 இல் வேதிப் பொறியாளரான லூயிஸ் பெர்க்கை மணந்தார். கணவருக்குச் சர்க்கரை ஆலை ஒன்றில் வேலை கிடைத்ததால் இருவரும் தென் மாநிலமான லூசியானாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். பின்னர் நியூயார்க்குக்குத் திரும்பினர். இவர்களுக்குச் செர்னி என்ற மகனும் ஹாரியட் என்ற மகளும் பிறந்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நாடக எழுத்து பற்றிய வகுப்புகளிலும் பெர்க் பயின்றார்.

வானொலியில்

வானொலி நிலையம் ஒன்றில் யித்திஷ் மொழியில் சமையற்குறிப்பு விளம்பரம் ஒன்றைப் படித்ததே இவரது தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. யித்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி. பெர்க்குக்கு அம்மொழி தெரியாது; ஒலிப்பை எழுதி வைத்துக்கொண்டு படித்தார். யூதத் தாயின் குரலாக அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட ஒருவரின் தொடக்கம் இது. அதன்பின் கடைப் பணிப்பெண்கள் இருவரின் உரையாடலாக இவர் எழுதிய எஃபி அண்டு லாரா என்னும் தொடர் ஒரே ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்தப்பட்டது.

அடுத்து எழுதிய கையெழுத்துப் படியை என்பிசி நிறுவனத்துக்கு எடுத்துச் சென்றார். இவரது கையெழுத்து பிறரால் படிக்க இயலாதது. ஆகவே இவரே அதனை அதிகாரியின்முன் உரக்கப் படித்துக் காட்டினார். படித்த விதம் பிடித்துப்போகவே, எழுதியவரே நடிக்கவும் வேண்டும் என்றாயிற்று. இவ்வாறு த ரைஸ் ஆஃப் த கோல்ட்பெர்க்ஸ் என்ற பெயரில் 1929 நவம்பர் 20 அன்று தொடர் ஒலிபரப்பாகத் தொடங்கியது. பங்குச் சந்தை வீழ்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. வாரம் ஒன்றுக்கு 75 டாலர் ஊதியம். 1931 இல் பெப்சோடென்ட் பற்பசை நிறுவனம் விளம்பரதாரராக முன்வந்தபின், கால் மணி நேர நிகழ்ச்சியாக நாள்தோறும் ஒலிபரப்பானது.

நாள்தோறும் ஒரு நாடகம் என்பது சொல்லுக்கு எளிது. பெர்க் விடியற்காலையில் எழுந்து பென்சிலால் எழுதுவார். அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழகியிருந்த கணவர் தட்டச்சு செய்து கொடுப்பார். பின்னர் நிலையத்துக்குச் சென்று ஒத்திகை பார்த்து நேரடியாக நடிப்பார். இவ்வாறு தம் வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்கு இவர் எழுதியதாகக் கணக்கிடப்படுகிறது. பேச்சுநடை பழுதுபடாமல் இருக்க, யூதக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியின் சந்தைகளுக்குச் சென்று அங்கே பேசப்படுவதைக் கேட்டு வருவார். ஒலி விளைவுகளைப் போலியாகச் செய்வதையும் இவர் விரும்பவில்லை. கதையில் முட்டை உடைக்க வேண்டுமாயின் ஒலிவாங்கியின்முன் உண்மையாகவே முட்டை உடைக்கப்பட்டது.

கதை எளியது. மோலி, தையல் தொழிலில் முன்னேறப் பாடுபடும் அவள் கணவன் ஜேக், பிள்ளைகளான ரோசலி, சாமி, உடன் வாழும் டேவிட் மாமா ஆகியோரே குடும்பத்தினர். பெற்றோர் வந்தேறிகள், பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். இவ்விரு தலைமுறைகளுக்கும் இடைப்பட்ட பூசல்களே பெரும்பாலான கதைகளுக்குப் பொருள். வாடகை, கடன், திருமணப் பேச்சு, உறவினர் வருகை, பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பு என்பவற்றுக்கு அப்பால் தொடர் அரிதாகவே சென்றது. ஆங்கிலச் சொற்களை மோலி இடம் மாற்றிப் பேசுவதில் நகைச்சுவை பிறந்தது. பெருமந்த காலத்தில் எல்லாச் சமயத்தாரும் இதனைக் கேட்டனர். தவக்காலத்தில் வானொலி கேட்பதைத் துறந்த கன்னியர் மடம் ஒன்றின் தலைவி, விடுபட்ட நிகழ்ச்சிகளின் எழுத்துப் படிகளைக் கேட்டுக் கடிதம் எழுதினார் என்ற செய்தி இவரைப் பற்றிப் பரவலாகக் கூறப்படுவதாகும்.

அரசியலைத் தொடாத தொடர் என்று இதனைக் கருதுவது பிழை. 1938 நவம்பரில் செருமனியில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நாட்சிகளால் அடித்து நொறுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று ஒலிபரப்பான நிகழ்ச்சியில், கோல்ட்பெர்க் குடும்பத்தார் பாஸ்கா விருந்துக்கு அமர்ந்திருக்கையில் சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுகிறது. மோலி பிள்ளைகளைத் தேற்றிவிட்டு, வழிபாட்டைத் தொடருமாறு கணவனிடம் கூறுகிறாள். அதற்குமேல் எந்த விளக்கமும் இல்லை. நாட்டின் பெரும்பாலான வானொலித் தொடர்கள் வாய் திறவாத பொருளை, ஒரு சோப்பு நிறுவனத்தின் விளம்பரத்தோடு ஒலிபரப்பான குடும்பத் தொடரில் இவர் வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஓபரா பாடகர் ஜான் பியர்ஸ் யூதப் பெருநாட்களையொட்டி இத்தொடரில் பாடுவது வழக்கமாக இருந்தது.

இடையிடையே நின்று தொடர்ந்த வானொலித் தொடர் 1945 இல் முடிவுற்றது. 1948 இல் மீ அண்டு மோலி என்ற பெயரில் இதே குடும்பத்தை வைத்துப் பெர்க் எழுதிய நாடகம் பிராட்வேயில் 156 முறை நடிக்கப்பட்டது. அந்நாடகத்தில்தான் பிலிப் லோப் முதன்முதலாக ஜேக்காக நடித்தார்.

சன்னலும் அண்டை வீடுகளும்

1940களின் இறுதியில் தொலைக்காட்சி பரவத் தொடங்கியபோது, வானொலிக் குடும்பம் ஒன்று திரையில் எடுபடும் என்று ஒளிபரப்பு நிறுவனங்கள் எளிதில் நம்பவில்லை. பெர்க், சிபிஎஸ் நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பேலியை நேரில் அணுகி வாய்ப்புப் பெற்றார். 1949 ஜனவரியில் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது. இதுவே அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் குடும்ப நகைச்சுவைத் தொடர் என்று சில நூல்கள் எழுதுகின்றன. 1947 இலேயே மேரி கே அண்டு ஜானி என்னும் தொடர் வந்துவிட்டதால் அது சரியன்று. ஆனால் நாடு தழுவிய செல்வாக்குப் பெற்ற முதல் தொடர்களுள் ஒன்று என்று கூறத் தடையில்லை.

கதையில் கோல்ட்பெர்க் குடும்பம் வாழ்ந்தது பிராங்க்ஸ், கிழக்கு டிரெமாண்ட் நெடுந்தெரு, 1038 ஆம் எண் கட்டிடம், 3பி இலக்க வீடு. இம்முகவரி கற்பனையாயினும் சூழல் உண்மையானது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்க இரயில் பாதை நீண்டபின், மன்ஹாட்டனின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து சற்று வசதி பெற்ற யூதக் குடும்பங்கள் பிராங்க்சில் எழுந்த ஐந்து ஆறு மாடிக் கட்டிடங்களுக்குக் குடிபெயர்ந்தன. 1930களில் பிராங்க்ஸ் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் யூதர்கள்.

நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிக் கட்டிடங்களில் உள்ளறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைப்பதற்காகச் சுவர்களுக்கிடையே ஒரு குறுகிய வெளி, கிணறு போலத் தரையிலிருந்து கூரை வரை விடப்பட்டது. 1879 ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வோர் அறைக்கும் சன்னல் வேண்டும் என்றது; இடத்தை வீணாக்க விரும்பாத கட்டிட உரிமையாளர்கள் கண்டுபிடித்த வழி இது. 1901 ஆம் ஆண்டின் சட்டம் இவ்வெளியை அகலப்படுத்தி முற்றம்போல ஆக்கிற்று. காற்று எவ்வளவு வந்ததோ, எதிர்வீட்டுப் பேச்சும் சமையல் மணமும் தவறாமல் வந்தன. பெண்கள் சமையலறைச் சன்னலில் சாய்ந்தபடியே மேல்மாடியோடும் கீழ்மாடியோடும் உரையாடினர்.

பெர்க் தம் தொடரின் மேடையமைப்பை இச்சன்னலைச் சுற்றியே அமைத்தார். மோலி சன்னலைத் திறந்து நீட்டிய குரலில் அண்டை வீட்டுத் திருமதி புளூமை விளிப்பது தொடரின் அடையாளமாயிற்று. வீட்டுக்குள் நடப்பது அனைத்தும் சிறிது நேரத்தில் கட்டிடம் முழுவதற்கும் தெரிந்துவிடும். கட்டிடத்தின் தொல்லை அனைத்தும் மோலியின் மேசைக்கு வந்துவிடும். கதவைத் தட்டாமல் உள்ளே வரும் பக்கத்து வீட்டார், எல்லோரும் கூடும் ஒரே கூடம், படிக்கட்டில் பரவும் வதந்தி என்று பின்னர் எண்ணற்ற தொடர்கள் கையாண்ட முறைகள் பல இங்கு முன்னரே காணப்படுகின்றன. 1951 அக்டோபரில் தொடங்கிய ஐ லவ் லூசி, புரூக்ளின் கட்டிடம் ஒன்றில் நடக்கும் த ஹனிமூனர்ஸ் ஆகிய இரண்டும் இவ்வழியில் வந்தவையே.

அச்சன்னலுக்கு மற்றொரு பயனும் இருந்தது. அக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியின் நேரம் முழுவதையும் ஒரே நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொள்ளும். த கோல்ட்பெர்க்ஸ் தொடருக்கு அவ்வாறு அமைந்த விளம்பரதாரர், காஃபீன் நீக்கிய சாங்கா காப்பியை விற்ற ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மோலி சன்னலில் சாய்ந்து, பார்வையாளரையே எதிர்வீட்டுக்காரராகப் பாவித்து, சாங்காவின் சிறப்பை எடுத்துரைப்பாள். சன்னல் விளிம்பில் பூச்செடி வளர்ந்த தொட்டி கூட ஒரு சாங்கா தகரக் குவளைதான். கதை எங்கே முடிகிறது, விற்பனை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாதபடி இவர் அதனைச் செய்தார். விளம்பரக் கலை என்ற வகையில் இது மிகத் தேர்ந்த வேலை. நிகழ்ச்சிகள் யாவும் நேரடியாக ஒளிபரப்பாயின.

1950 இல் பாரமவுண்ட் நிறுவனம் இக்குடும்பத்தை வைத்துத் திரைப்படம் எடுத்தது. 1951 ஜனவரியில் பெர்க்குக்கு எம்மி விருது வழங்கப்பட்டது. ஆனால் அவ்விருது வருவதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிட்டது.

பிலிப் லோப் விவகாரம்

பிலிப் லோப் நாடகமேடையில் நீண்ட அனுபவம் உடையவர். நடிப்புக் கல்லூரி ஆசிரியராகவும் இருந்தவர். நடிகர்களின் தொழிற்சங்கமான ஆக்டர்ஸ் எக்விட்டியின் நிர்வாகக் குழுவில் பணியாற்றி, ஒத்திகை நாட்களுக்கும் நடிகர்களுக்கு ஊதியம் வேண்டும் என்று வாதாடியவர்களுள் முன்னின்றார். அடிப்பந்தாட்டத்தில் கறுப்பின வீரர்கள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்த இயக்கத்துக்கும் ஆதரவு அளித்தார்.

1950 ஜூன் மாதத்தில் ரெட் சானல்ஸ் என்னும் சிறு நூல் வெளிவந்தது. அது அரசு வெளியீடன்று. பொதுவுடைமை எதிர்ப்பையே தொழிலாகக் கொண்ட தனியார் குழு ஒன்றின் வெளியீடு. வானொலி, தொலைக்காட்சித் துறைகளைச் சேர்ந்த 151 பேரின் பெயர்களும், அவர்கள் ஒவ்வொருவரும் ஆதரித்ததாகக் கூறப்பட்ட அமைப்புகளும் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. விசாரணை இல்லை, மறுப்புக்கு இடமும் இல்லை. லோப்பின் பெயர் அதில் இருந்தது. விளம்பர நிறுவனங்கள் அந்நூலை மேசையில் வைத்துக்கொண்டே நடிகர்களைத் தேர்ந்தெடுக்கலாயின. ஆகஸ்டு மாதத்தில், ஜெனரல் ஃபுட்ஸ் ஆதரவில் வந்த த ஆல்ட்ரிச் ஃபேமிலி தொடரிலிருந்து ஜீன் மியூர் என்னும் நடிகை நீக்கப்பட்டார். அடுத்து அதே நிறுவனத்தின் பார்வை லோப்பின்மேல் விழுந்தது.

லோப்பை நீக்குமாறு கேட்கப்பட்டபோது பெர்க் மறுத்துவிட்டார். வற்புறுத்தினால் நாடு முழுவதும் மேடையேறி, ஜெனரல் ஃபுட்ஸ் பொருட்களை வாங்க வேண்டாம் என்று மக்களிடம் கூறப்போவதாக எச்சரித்தார். சன்னலில் சாய்ந்து காப்பி விற்ற அதே குரல் எதிர்த்துப் பேசினால் விளையும் இழப்பை நிறுவனம் அறியாமல் இல்லை. அப்போதைக்குப் பின்வாங்கியது. லோப் மேலும் பல மாதங்கள் ஜேக்காக நடித்தார்.

ஆனால் 1951 இல் ஜெனரல் ஃபுட்ஸ் தன் ஆதரவையே விலக்கிக்கொண்டது. சிபிஎஸ் தொடரை நிறுத்தியது. எம்மி விருது பெற்று அரையாண்டு கூட ஆகவில்லை. என்பிசி தொடரை ஏற்க முன்வந்தபோதும், லோப் இருக்கும்வரை விளம்பரதாரர் எவரும் கிடைக்கவில்லை. தொடரின் உரிமை பெர்க்கிடம் இருந்தது. கதை, பாத்திரம், பெயர் யாவும் அவருடையவை. ஒளிபரப்பு நேரம் மட்டும் அவருடையதன்று. பிற நடிகர்களும் பணியாளரும் பல மாதங்களாக வேலையின்றிக் காத்திருந்தனர்.

1952 ஜனவரியில் லோப் ஓர் இழப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு விலகினார். தாம் பொதுவுடைமைக் கட்சியில் ஒருபோதும் இருந்ததில்லை என்று அவர் கூறிவந்ததைத் தாம் நம்புவதாகப் பெர்க் வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த மாதமே தொடர் என்பிசி-யில் மீண்டும் தொடங்கியது. ஹரோல்ட் ஸ்டோன் ஜேக்காக நடித்தார். அவருக்குப்பின் ராபர்ட் ஹாரிஸ் அப்பாத்திரத்தை ஏற்றார். கதையில் எவரும் மாற்றத்தைக் கவனித்ததாகக் காட்டப்படவில்லை.

லோப் மனைவியை இழந்தவர். மனநோயால் பாதிக்கப்பட்ட மகனின் மருத்துவச் செலவை அவரே தாங்கி வந்தார். தொலைக்காட்சியும் வானொலியும் மூடப்பட்டபின் தனியார் மருத்துவ இல்லத்தின் கட்டணத்தைச் செலுத்த இயலாது, மகனை அரசு மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது. 1955 செப்டம்பர் 1 அன்று நியூயார்க்கின் டாஃப்ட் விடுதியில் தூக்க மாத்திரைகளை உட்கொண்டு அவர் தற்கொலை செய்துகொண்டார். 1976 இல் வெளிவந்த த ஃபிரண்ட் திரைப்படத்தில், வேலை மறுக்கப்பட்டு விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் நகைச்சுவை நடிகரின் பாத்திரம் லோப்பின் முடிவைத் தழுவியது. அதில் நடித்த சீரோ மோஸ்டெல் லோப்பின் நண்பர். தாமும் அவ்வாறே வேலை மறுக்கப்பட்டவர்.

பெர்க் இன்னும் உறுதியாக நின்றிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. நடந்ததை ஒத்துப் பார்ப்பதற்கு மற்றொரு நிகழ்வு உதவும். 1936 இல் பொதுவுடைமைக் கட்சியின் வாக்காளராகத் தம்மைப் பதிவு செய்திருந்த செய்தி 1953 செப்டம்பரில் வெளியானபோது, ஐ லவ் லூசி நாயகி லூசில் பால் ஒரு கிழமைக்குள் மீண்டுவிட்டார். அவரது விளம்பரதாரரும் சிபிஎஸ்-உம் அவர் பக்கம் நின்றதே காரணம். நாட்டில் மிகுதியானோர் பார்த்த தொடரின் நாயகியை இழக்க எவரும் விரும்பவில்லை. லோப் துணைப் பாத்திரம். எளிதில் மாற்றத்தக்கவர் என்று கருதப்பட்டார். பெர்க்கின் எச்சரிக்கை விளம்பரதாரரைச் சிறிது காலம் தடுத்தது. விளம்பரதாரர் விலகியே போய்விட்டபின் எச்சரிப்பதற்கு எவரும் இல்லை.

பிற்காலம்

தொடர் அதன்பின் பழைய நிலையை அடையவில்லை. என்பிசி, டூமாண்ட் என்று நிறுவனம் மாறி, இறுதியில் 1955-56 இல் படச்சுருளில் எடுக்கப்பட்டு வெவ்வேறு நிலையங்களுக்கு விற்கப்பட்டது. அவ்விறுதிப் பருவத்தில் கோல்ட்பெர்க் குடும்பம் பிராங்க்சை விட்டு ஹேவர்வில் என்னும் கற்பனைப் புறநகருக்குக் குடிபெயர்ந்தது. போருக்குப்பின் பல யூதக் குடும்பங்கள் செய்ததையே கதையும் செய்தது. எனினும் தனி வீடுகளுக்கிடையே புல்வெளிதான் இருந்தது. சன்னலிலிருந்து விளிப்பதற்கு எதிரில் எவரும் இல்லை. தொடரின் உயிர் அக்கட்டிடத்தில் இருந்தது என்பதை இப்பருவம் தெளிவாகக் காட்டுகிறது.

1955 இல் உணவு எழுத்தாளர் மைரா வால்டோவுடன் சேர்ந்து மோலியின் பெயரில் சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். பெர்க் நாள்தோறும் சமைப்பவர் அல்லர். மன்ஹாட்டனின் செல்வர் பகுதியில் வாழ்ந்தார். ஒரு நாட்டுப்புற வீடும் வைத்திருந்தார். நேர்ப்பேச்சில் மோலியின் ஒலிப்பு துளியும் இல்லை. ஆயினும் இவரைக் கண்ட மக்கள் மோலி என்றே அழைத்தனர்.

1959 இல் லெனர்ட் ஸ்பிகல்காஸ் எழுதிய எ மெஜாரிட்டி ஆஃப் ஒன் நாடகத்தில், சப்பானியருடனான போரில் மகனை இழந்த புரூக்ளின் யூதக் கைம்பெண்ணாக நடித்தார். அப்பெண் ஒரு சப்பானிய வணிகரைச் சந்தித்துப் படிப்படியாக மனம் மாறுவதே கதை. வணிகராக நடித்தவர் ஆங்கிலேய நடிகர் செட்ரிக் ஹார்ட்விக். நாடகம் 556 முறை நடிக்கப்பட்டது. பெர்க்குக்குச் சிறந்த நடிகைக்கான டோனி விருது கிடைத்தது. தாம் எழுதாத பாத்திரத்திலும் தம்மால் நிற்க இயலும் என்பதை அறுபதாம் வயதில் மெய்ப்பித்தார். எனினும் 1961 இல் அது திரைப்படமானபோது அப்பாத்திரம் ரோசலிண்ட் ரசலுக்கு அளிக்கப்பட்டது.

அதே ஆண்டில் மகன் செர்னியுடன் இணைந்து மோலி அண்டு மீ என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். கேட்ஸ்கில் விடுதியையும் பாட்டனாரையும் பற்றிய பகுதிகள் அதில் சுவையானவை. ஆனால் லோப் விவகாரத்தை எதிர்பார்த்து அதனைத் திறப்போர் ஏமாற்றமடைவர். 1961-62 இல் முதிய வயதில் கல்லூரியில் சேரும் கைம்பெண்ணாக, ஹார்ட்விக்குடன் மீண்டும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். அது ஒரு பருவத்துடன் முடிந்தது. 1963 இல் மற்றொரு பிராட்வே நாடகத்திலும் தோன்றினார்.

மறைவும் பின்னரும்

1966 செப்டம்பர் 14 அன்று இதயச் செயலிழப்பால் நியூயார்க்கில் காலமானார். தம் முதல் நாடகங்களை எழுதிய பிளைஷ்மன்ஸ் ஊரில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1973 இல் மோலி என்ற பெயரில் ஓர் இசை நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. நீண்ட நாள் ஓடவில்லை.

இவரது புகழ் இறப்புக்குப்பின் விரைவில் மங்கியது. அதற்கு ஒரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஐ லவ் லூசி தொடக்கம் முதலே படச்சுருளில் எடுக்கப்பட்டதால் தலைமுறை தலைமுறையாக மறு ஒளிபரப்பாகி வந்தது. த கோல்ட்பெர்க்ஸ் நேரடி ஒளிபரப்பு. திரையைப் படம்பிடித்து எடுத்த மங்கலான பதிவுகள் சிலவே எஞ்சின. மறுபடி காட்டுவதற்கு ஏற்றவையாய் இருந்தவை, கட்டிடமும் லோப்பும் இல்லாத புறநகர்ப் பருவத்து நிகழ்ச்சிகளே. உச்சரிப்பை வைத்து நகைச்சுவை செய்த தொடர் யூதரைப் பற்றிய தேய்ந்த படிமத்தை வளர்த்தது என்ற குறையும் பின்னர் கூறப்பட்டது. 1939 ஏப்ரல் நிகழ்ச்சியை அறிந்தவர்கள் அக்குறையை முழுதாக ஏற்பது கடினம்.

இவருடைய எழுத்துப் படிகளும் கடிதங்களும் சைரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2009 இல் அவீவா கெம்ப்னர் இயக்கிய யூ-ஹூ மிசஸ் கோல்ட்பெர்க் என்னும் ஆவணப்படம் இவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்திற்று. 1949 முதல் 1951 வரையிலான காலத்தில் எஞ்சிய பதிவுகளில், மோலி சன்னலில் சாய்ந்து சாங்காவைப் புகழும் காட்சியையும், உள்ளே மேசையருகே லோப் ஜேக்காக நடிப்பதையும் இன்றும் காணலாம்.